இலாபமும் கடப்பாடும்: ஜம்ஷெட்பூர் உருக்காலையின் வரலாறு

திருவள்ளுவர் ஒப்புரவறிதலை அறத்துப்பாலிலே வைத்தார். பொருள்செயல்வகையைப் பொருட்பாலிலே வைத்தார். இரண்டும் வேறு வேறு பால்களில் அமைந்தன எனினும், பொருள்செயல்வகை என்னும் அதிகாரத்திலேயே, தீதின்றி வந்த பொருளே அறமும் இன்பமும் தரும் என்ற கருத்தை அவர் வலியுறுத்துகின்றார். பொருளை ஈட்டும் முறையும் ஈட்டிய பொருளைப் பகிரும் முறையும் ஒன்றையொன்று தழுவி நிற்கவேண்டும் என்பது இதனாற் பெறப்படும். தனிமனிதனுக்கு உரைக்கப்பட்ட இவ்வறம் கம்பனி என்னும் பெருநிறுவனத்துக்கும் பொருந்துமா என்பதே தற்காலப் பொருளியலாரிடையே நெடுங்காலமாக நிகழ்ந்துவரும் வழக்கு.

ஐக்கிய அமெரிக்கப் பொருளியலறிஞர் மில்ற்றன் பிரீட்மன் 1970ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றில், சட்டத்துக்கும் நெறிக்கும் உட்பட்டு இலாபத்தைப் பெருக்குவதே கம்பனியின் சமூகப் பொறுப்பாகும் என வாதித்தார். கம்பனியின் பணம் பங்குதாரருடையது. அதனை முகாமையாளர் தம் விருப்பப்படி பிறர் நலனுக்குச் செலவிடுதல் பிறர் பொருளைத் தானஞ் செய்வதையொக்கும் என்பது அவர் கருத்து. இதனை மறுப்போர், தொழிலாளரையும் அயலாரையும் பேணும் கம்பனியே நீண்டகாலத்தில் அதிக இலாபம் பெறும் என்பர். ஒரு சாரார் செலவென்று கருதுவதை மறுசாரார் முதலீடு என்று கருதுகின்றனர். இவ்விரு கூற்றுக்களுள் எது உண்மை என்பதனை ஓராண்டு ஈராண்டுக் கணக்கேடுகளைக் கொண்டு துணிதல் அரிது. விதைத்தவன் மறுநாளே அறுக்கச் செல்வதில்லை. நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறுடைய ஒரு நிறுவனத்தை எடுத்து ஆராய்வதே தக்க வழி. வளர்முக நாடொன்றில் அத்தகைய நிறுவனம் வேண்டுமாயின், இந்தியாவின் ஜம்ஷெட்பூரில் அமைந்த டாட்டா இரும்புருக்குக் கம்பனியைக் காட்டிலும் சிறந்த சான்று கிடைத்தல் அரிது.

நாகபுரியில் இட்ட வித்து

இவ்வரலாற்றின் தொடக்கம் உருக்கிலன்று, பருத்தியிலே உள்ளது. 1839இல் நவசாரியிற் பிறந்த பார்சி வணிகரான ஜம்ஷெட்ஜி நசர்வான்ஜி டாட்டா, 1877ஆம் ஆண்டு சனவரி முதலாம் நாள் நாகபுரியில் எம்பிரஸ் ஆலையைத் திறந்தார். விக்ரோறியா அரசி இந்தியாவின் பேரரசியாகப் பிரகடனஞ் செய்யப்பட்ட நாளும் அதுவே. ஆலையின் பெயரும் அதனால் வந்தது.

பம்பாயை விட்டு நாகபுரிக்குச் சென்றமையாற் பருத்தி அண்மையிற் கிடைத்தது. ஆனால் ஆலைத்தொழிலுக்குப் பழகிய மக்கள் அங்கில்லை. வயல்வேலைக்கும் திருவிழாவுக்கும் தொழிலாளர் ஆலையைவிட்டு அகல்வர். நாள்தோறும் பலர் வாராதொழிந்தமையால் இயந்திரங்கள் வாளாவிருந்தன. அக்காலத்து ஆலையதிபர் பலரும் கையாண்ட மருந்து தண்டப்பணம். டாட்டாவோ வேறு வழியை நாடினார். 1886இல் ஓய்வூதிய நிதியொன்று தொடங்கப்பட்டது. 1895 முதல் விபத்துக்குள்ளானோர்க்கு நட்டஈடு வழங்கப்பட்டது. விளையாட்டு விழாக்களும் பரிசில்களும் ஏற்படுத்தப்பட்டன. ஆலையினுள் காற்றில் ஈரப்பதத்தைப் பேணும் கருவிகளும், தீயை அணைக்கும் நீர்த்தூவிகளும் பொருத்தப்பட்டன.

இவற்றைக் கருணையின் விளைவு என்று மட்டும் கூறுதல் வரலாற்றுக்கு ஒவ்வாது. ஈரப்பதம் தொழிலாளியின் மூச்சுக்கு இதமாயிருந்ததோடு நூலிழை அறாமலுங் காத்தது. நீர்த்தூவி உயிரைக் காத்ததோடு பஞ்சுப்பொதியையுங் காத்தது. நிதி தொழிலாளியின் முதுமைக்கு உதவியதோடு அவனை ஆலையில் நிலைக்கவுஞ் செய்தது. ஆகவே, கடப்பாடும் ஆதாயமும் நாகபுரியில் ஒரே கயிற்றின் இரு புரிகளாக அமைந்தன. எம்பிரஸ் ஆலை இந்தியாவின் வெற்றிமிக்க ஆலைகளுள் ஒன்றாயிற்று. டாட்டாவின் பிற்காலப் பெருமுயற்சிகளுக்கு ஊற்றாயமைந்தவற்றுள் அதன் வருவாய் முக்கியமானது.

சாக்சியில் எழுந்த ஆலை

இந்தியாவில் உருக்காலை அமைக்கவேண்டுமென்ற எண்ணத்தை டாட்டா நெடுங்காலம் கொண்டிருந்தார். 1902இல் தம் மகன் தொறாப்ஜிக்கு எழுதிய கடிதமொன்றில், அமையவிருக்கும் நகரின் வீதிகள் அகலமாயிருத்தல் வேண்டும், நிழல்மரங்கள் நடப்படல் வேண்டும், விளையாட்டிடங்களுக்கும் பூங்காக்களுக்கும் பல சமயத்தார் வழிபாட்டிடங்களுக்கும் இடம் ஒதுக்கப்படல் வேண்டும் என்று அவர் பணித்தார். ஆலைக்குரிய இடமே தெரிவு செய்யப்படாத காலத்தில் நகரின் அமைப்பு எண்ணப்பட்டமை கருதத்தக்கது. எனினும் 1904ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜேர்மனியிலே அவர் காலமானார். அவர் கண்டது கனவு மட்டுமே.

அதே ஆண்டில் புவிச்சரிதவியலறிஞர் பி. என். போஸ், மயூர்பஞ்ச் சமத்தானத்தில் உயர்ந்த இரும்புத்தாது உண்டென அறிவித்தார். சுவர்ணரேகை, கர்க்காய் என்னும் இரு நதிகள் கூடும் இடத்துக்கு அண்மையிலிருந்த சாக்சி என்னும் சிற்றூர் ஆலைக்குரிய இடமாகத் தெரிவு செய்யப்பட்டது. மூலதனம் தேடித் தொறாப்ஜி இலண்டனுக்குச் சென்றார். அங்குள்ள பணச்சந்தை கைவிரித்தது. 1907ஆம் ஆண்டு ஓகத்து மாதத்திற் பம்பாயிற் கம்பனி பதிவு செய்யப்பட்டுப் பங்குகள் விற்பனைக்கு வந்தபோது, சுதேசி இயக்கத்தின் எழுச்சியிலிருந்த மக்கள் திரண்டு வந்தனர். மூன்று வாரங்களுள் ஏறத்தாழ 8,000 இந்தியர் 16,30,000 பவுண் மூலதனத்தை அளித்தனர். பின்னர் வேண்டியிருந்த 4,00,000 பவுண் கடன்முறியை குவாலியர் மன்னர் தாமே ஏற்றார்.

இந்நிகழ்ச்சி பணக்கதை மட்டுமன்று. நாட்டுப்பற்றினால் வந்த மூலதனம் நாட்டுக்குப் பதில் கூறவேண்டிய மூலதனமாகும். இலண்டன் முதலாளி பங்கிலாபத்தை மட்டும் வினாவுவான். பம்பாயிற் பங்கு வாங்கியோர் இலாபத்தோடு பெருமையையும் எதிர்பார்த்தனர். பிற்காலத்திற் கம்பனி இடர்ப்பட்டபோது அதனைத் தாங்கிய பொறுமை இங்கே வேர்கொண்டது எனலாம்.

1911ஆம் ஆண்டு திசெம்பரில் முதலிரும்பும், 1912ஆம் ஆண்டு பெப்ருவரியில் முதலுருக்கும் வெளிவந்தன. முதலாம் உலகப்போரில் இவ்வாலையின் தண்டவாளங்கள் மெசப்பொத்தேமியாவரை சென்றன. 1919ஆம் ஆண்டு சனவரியில் ஆலைக்கு வந்த அரசப்பிரதிநிதி செம்ஸ்போட் பிரபு, சாக்சிக்கு ஜம்ஷெட்பூர் எனப் பெயரிட்டார்.

சட்டத்துக்கு முந்திய நலன்கள்

ஜம்ஷெட்பூரின் நலத்திட்டங்களை ஆண்டுவாரியாக நோக்குதல் பயனுடைத்து. எட்டுமணி நேர வேலைநாள் 1912இல் வந்தது; இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் அதனைப் பொதுவிதியாக்கியது 1948இல். ஐக்கிய அமெரிக்க உருக்குக் கூட்டுத்தாபனமும் பன்னிரண்டுமணி நேர முறையை 1923இலேயே கைவிட்டது. இலவச வைத்திய உதவி 1915இலும், தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கல்வி 1917இலும் தொடங்கின. 1920இல் ஊதியத்துடன் கூடிய விடுமுறை, சேமலாப நிதி, விபத்து நட்டஈடு ஆகியன வந்தன. சேமலாப நிதியைச் சட்டம் கட்டாயமாக்கியது 1952இல் ஆகும். 1921இல் தொழில்நுட்பக் கல்லூரியும், 1928இல் மகப்பேற்று நன்மையும், 1934இல் இலாபத்திற் பங்கும், 1937இல் பணிக்கொடையும் ஏற்பட்டன. பணிக்கொடைச் சட்டம் 1972இலேயே நிறைவேறிற்று. இத்துறையில் நெறிகாட்டுமாறு இலண்டன் பொருளியற் கல்லூரியைச் சார்ந்த சிட்னி வெப், பீற்றிஸ் வெப், ஹொப்ஹவுஸ் முதலிய அறிஞர்களையும் கம்பனி நாடியது.

இவ்வளவு முற்பட்ட நலன்களுக்குக் காரணம் யாது? நிறுவியவரின் நோக்கம் ஒன்று என்பதில் ஐயமில்லை. எனினும் இடத்தின் இயல்பும் காரணமாயிற்று. சாக்சியைச் சூழ்ந்திருந்தது காடு. அங்கே வைத்தியசாலையில்லை, பாடசாலையில்லை, குடிநீர்க் குழாயில்லை. பயிற்சிபெற்ற தொழிலாளரைத் தொலைவிலிருந்து அழைத்துவந்து, மலேரியாவும் கோடைவெப்பமும் வருத்தும் இடத்தில் நிலைநிறுத்தல் வேண்டும். ஊதுலை இரவும் பகலும் எரிவது. அதனை ஒருநாள் அணைத்து மறுநாள் மூட்டல் இயலாது. எனவே நிலையான, உடல்நலமுள்ள, பழகிய தொழிலாளர் கூட்டம் ஆலைக்கு நிலக்கரியைப் போலவே இன்றியமையாததாயிற்று. அரசு செய்யாததைக் கம்பனியே செய்யவேண்டியிருந்தது. வளர்முக நாடுகளிற் கம்பனியின் சமூகப்பொறுப்பு மேல்நாடுகளிலிருந்து வேறுபடுவது இந்த இடத்திலேதான். அங்கே அது அரசின் பணிக்கு மேலதிகமானது; இங்கே அது பெரும்பாலும் அரசின் பணிக்குப் பதிலாக அமைந்தது.

ஒன்றை மறைத்தலாகாது. நகரின் அகன்ற வீதிகளும் வளமனைகளும் முதலிற் பயன்பட்டது ஐரோப்பிய, அமெரிக்க அலுவலர்க்கும் உயர்தர ஊழியர்க்குமே. தொழிலாளருட் பெரும்பகுதியினர் கம்பனி வீடின்றிச் சுற்றுப்புறச் சேரிகளில் வாழ்ந்தனர். ஒப்பந்தக்காரரின் கீழ் மண்ணுந் தாதுவுஞ் சுமந்த ஆதிவாசி ஆடவர் பெண்டிர்க்கு நிரந்தர ஊழியரின் நன்மைகள் எட்டவில்லை.

1924ஆம் ஆண்டின் நெருக்கடி

கடப்பாட்டுக்கும் கணக்கேட்டுக்கும் இடையிலான முதற்சோதனை போருக்குப் பின்னர் வந்தது. போர்க்காலத்து இலாபத்தினால் ஊக்கம்பெற்ற கம்பனி, 1917இற் பெரும் விரிவாக்கத் திட்டத்தைத் தொடங்கியது. போர் முடிந்ததும் இயந்திரங்களின் விலை ஏறிற்று. உருக்கின் விலையோ வீழ்ந்தது. ஐரோப்பிய உருக்கு இந்தியத் துறைமுகங்களில் மலிவாக வந்து குவிந்தது. 1923ஆம் ஆண்டு யப்பானில் நிகழ்ந்த பெரும் பூகம்பம் முக்கிய வாடிக்கையாளரையும் விலக்கிற்று. 1924இல் தொழிலாளர் ஊதியத்துக்கே பணமில்லை என்ற செய்தி பம்பாய்க்கு வந்தது.

அப்போது தொறாப்ஜி டாட்டா, ஏறத்தாழ ஒரு கோடி ரூபா பெறுமதியான தம் சொந்தச் சொத்து முழுவதையும், மனைவியின் நகைகளையும், இம்பீரியல் வங்கியில் ஈடுவைத்துக் கடன் பெற்றார். 245 கரற் நிறையுள்ள யூபிலி வைரமும் அவ்வீட்டிற் சேர்ந்தது. ஊதியம் வழங்கப்பட்டது, ஆலை பிழைத்தது. சாதாரண பங்குதாரர் பல ஆண்டுகள் பங்கிலாபமின்றிக் காத்திருந்தனர்.

இவ்விடத்தில் இரண்டு உண்மைகளைச் சேர்த்துக் காணல் வேண்டும். முதலாவது, நலத்திட்டங்கள் கம்பனியை வீழ்த்தவுமில்லை, காக்கவுமில்லை. வீழ்த்தியது உலகச் சந்தை. காத்தவை உரிமையாளரின் ஈடும், 1924ஆம் ஆண்டின் உருக்குக் கைத்தொழிற் பாதுகாப்புச் சட்டமுமாகும். அச்சட்டம் இறக்குமதி உருக்கின் மீது தீர்வை விதித்ததோடு நாட்டின் தண்டவாளத்துக்கு உதவிப்பணமும் வழங்கிற்று. இரண்டாவது, மக்களின் வரிப்பணத்தையும் தீர்வையையும் பெற்ற கம்பனி, அதன்பின் தன்னைத் தனிச்சொத்து என்று கூறிக்கொள்ள இயலாது போயிற்று. பாதுகாப்பு கடப்பாட்டைத் தோற்றுவித்தது.

நலன் உண்டு, குரல் இல்லை

நலத்திட்டங்கள் அமைதியைத் தாமே கொணரும் என்பார்க்கு 1920 முதல் 1928 வரையுள்ள காலம் மறுமொழியாகின்றது. மேற்கூறிய நன்மைகள் பலவும் வந்த 1920ஆம் ஆண்டிலேயே முதற் பெரிய வேலைநிறுத்தமும் நிகழ்ந்தது. பொலிசாரின் துப்பாக்கிச்சூட்டில் உயிர்ச்சேதமும் உண்டாயிற்று. அவ்வேலைநிறுத்தத்திலேதான் ஜம்ஷெட்பூர் தொழிலாளர் சங்கம் பிறந்தது. 1922இல் மீண்டும் வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. நன்மைகளை அளிக்க விரும்பிய கம்பனி, அவற்றைக் கேட்கும் உரிமையை அளிக்கத் தயங்கியது. சி. எவ். அண்ட்ரூஸ் சங்கத்தின் சார்பில் நின்றார். 1925ஆம் ஆண்டு ஓகத்தில் காந்தியடிகள் ஜம்ஷெட்பூருக்கு வந்தார். அதன் பின்னரே சங்கத்தை அங்கீகரிக்கக் கம்பனி உடன்பட்டது.

அங்கீகாரமும் உடனே அமைதியைத் தரவில்லை. செலவைக் குறைக்கும் பொருட்டு ஆட்குறைப்பு தொடங்கியபோது, 1928இல் மாதக்கணக்கில் நீடித்த போராட்டம் மூண்டது. சுபாஸ் சந்திரபோஸ் சங்கத்தின் தலைமையை ஏற்றுச் செத்தெம்பரில் உடன்பாடு செய்தார். மகப்பேற்று நன்மை வழங்கப்பட்டதும் அதே 1928ஆம் ஆண்டு என்பது நோக்கற்பாலது. கொடுக்கும் கை ஒருபுறமும் குறைக்கும் கை மறுபுறமும் இயங்கின. தொழிலாளி கொடுத்ததைக் கணக்கிட்டான் அல்லன்; தன் வேலை நிலைக்குமா என்பதையே கணக்கிட்டான்.

இப்பாடத்தைக் கம்பனி கற்றுக்கொள்ள மேலும் ஒரு தலைமுறை சென்றது. 1938இல் டாட்டா நிறுவனங்களின் தலைமையை ஏற்ற ஜே. ஆர். டி. டாட்டாவின் காலத்தில் ஆளணியைக் கவனிக்கத் தனிப்பகுதி அமைந்தது. 1956ஆம் ஆண்டு சனவரியில் டாட்டா தொழிலாளர் சங்கத்தோடு செய்த உடன்படிக்கை, ஆலையின் புதுமைப்படுத்தலுக்குச் சங்கத்தின் ஒத்துழைப்பையும், இருக்கும் ஊழியர்க்கு வேலைப்பாதுகாப்பையும், கூட்டாலோசனைக் குழுக்களையும் ஒருங்கே வகுத்தது. 1958இல் போட்டிச் சங்கமொன்றின் வேலைநிறுத்தம் மூண்டு அடங்கியபின், பெரிய நிறுத்தமின்றி ஆலை நெடுங்காலம் இயங்கிற்று. நலத்திட்டம் தோன்றி அரை நூற்றாண்டின் பின்னரே அதன் கனி பழுத்தது; அதுவும் தொழிலாளரின் குரலுக்கு இடமளித்த பின்னரே பழுத்தது.

பேர்ண்பூரும் ஜம்ஷெட்பூரும்

ஒப்பீடின்றி வரலாற்றிற் காரணங் காணல் கடினம். இந்திய இரும்புருக்குக் கம்பனி 1918இல் தோன்றியது; மேற்கு வங்கத்துப் பேர்ண்பூரில் அதன் பேராலை இருந்தது. அதே தாதுவும் அதே நிலக்கரியும் அதற்குங் கிடைத்தன. அரசு விதித்த அதே விலைக்கட்டுப்பாடு இரண்டையுங் கட்டியது. 1952இல் உலகவங்கியின் கடனையும் பேர்ண்பூர்க் கம்பனி பெற்றது. ஆயினும் 1960களின் பிற்பகுதியில் அதன் உற்பத்தி சரிந்தது, இயந்திரங்கள் பராமரிப்பின்றித் தேய்ந்தன, தொழிற்பிணக்குகள் பெருகின. 1972இல் அரசு அதன் முகாமையைக் கையேற்றது. 1976இல் உரிமையையும் ஏற்றது.

பேர்ண்பூரின் வீழ்ச்சிக்குத் தொழிலாளர் உறவு ஒன்றே காரணமென்று கூறுதல் பொருந்தாது. மேற்கு வங்கத்தின் அரசியற் கொந்தளிப்பும், முதலீட்டுக் குறைவும் உடன்நின்றன. எனினும் ஒரே கட்டுப்பாட்டின் கீழ் ஒன்று தளர மற்றொன்று தாங்கியது என்பது சிந்தனைக்குரியது.

1979ஆம் ஆண்டில் ஜனதா அரசின் அமைச்சர் ஜோர்ஜ் பெர்னாண்டஸ் முதலியோர் டாட்டா உருக்காலையையும் தேசியமயமாக்கக் கருதினர். அப்போது எதிர்த்து நின்றோருள் முன்னின்றது தொழிலாளர் சங்கமே. பங்குதாரர் எதிர்ப்பது இயல்பு. தொழிலாளர் எதிர்ப்பது அருமை. அம்முயற்சி கைவிடப்பட்டது. எட்டுமணி வேலைநாளும், வைத்தியசாலையும், கூட்டாலோசனையும் எந்த ஆண்டின் இலாபநட்டக் கணக்கிலும் வரவாகக் காட்டப்படவில்லை. ஆனால் கம்பனியின் உயிருக்கே கேடு வந்த ஆண்டில் அவை வரவாக நின்றன. சமூகப்பொறுப்பின் நிதிப்பயனை ஆண்டுதோறும் தேடுவோர் காணத் தவறுவது இதனையே. அது வட்டியாக வருவதன்று, காப்புறுதியாக வருவது.

பொறுமையுள்ள உரிமை

இத்தகைய நெடுநோக்கு எல்லாக் கம்பனிகளுக்கும் கைகூடாமைக்கு ஒரு காரணம் உரிமையின் அமைப்பாகும். டாட்டா நிறுவனங்களின் தாய்க்கம்பனியான டாட்டா சன்ஸ் பங்குகளில் ஏறத்தாழ 66 சதவீதம் தரும நிதியங்களுக்குரியது. சேர் இரத்தன் டாட்டா நிதியம் 1919இலும், சேர் தொறாப்ஜி டாட்டா நிதியம் 1932இலும் ஏற்பட்டன. பம்பாயின் டாட்டா ஞாபகார்த்தப் புற்றுநோய் வைத்தியசாலை 1941இலும், அடிப்படை ஆராய்ச்சி நிறுவகம் 1945இலும் எழுந்தமைக்கு இந்நிதியங்களே துணையாயின. பங்கிலாபம் தனிமனிதர் கைக்குச் செல்லாது தருமத்துக்குச் செல்லும்போது, இவ்வாண்டின் இலாபத்தை உடனே பிழிந்தெடுக்கும் அவசரம் குறைகின்றது. 1970இற் கம்பனியின் அமைப்பு விதிகளிலேயே சமூகக் கடப்பாடு சேர்க்கப்பட்டது. 1980இல் முன்னாள் நீதியரசர் கொத்வால் தலைமையிலான குழு அதன் சமூகப்பணிகளைக் கணக்காய்வு செய்து அறிக்கை வெளியிட்டது.

சந்தை திறந்தபின்

1991இல் இந்தியப் பொருளாதாரம் திறக்கப்பட்டது. 1992இல் உருக்கின் விலைக்கட்டுப்பாடு நீங்கியது. காப்பின் நிழலில் வளர்ந்த ஆலை உலகப் போட்டியின் வெயிலில் நின்றது. 1990களின் நடுப்பகுதியில் அதன் ஊழியர் தொகை ஏறத்தாழ 78,000. இத்தனை பேருடன் உலக விலைக்கு உருக்குச் செய்தல் இயலாதென்பது தெளிவாயிற்று. பத்தாண்டுகளிலே தொகை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. விலகிச் சென்றோர்க்கு ஓய்வுபெறும் வயதுவரை மாதந்தோறும் பணம் வழங்கும் திட்டம் கையாளப்பட்டது. 1928இல் ஆட்குறைப்பு மாதக்கணக்கான போராட்டத்தை மூட்டியது. எழுபது ஆண்டுகளுக்குப் பின் அதனினும் பெரிய ஆட்குறைப்பு ஆலையை நிறுத்தாமல் நடந்தேறியது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகிற் குறைந்த செலவில் உருக்குச் செய்யும் ஆலைகளுள் ஒன்றாக ஜம்ஷெட்பூர் விளங்கிற்று. நம்பிக்கை என்னும் மூலதனம் இங்கே மீண்டும் செலவிடப்பட்டது. ஆயினும் வேலைகள் குறைந்தன என்பதும், தந்தையின் ஆலையில் மகனுக்கு வேலை என்ற நகரின் பழைய வழக்கு தளர்ந்தது என்பதும் உண்மையே.

2007இல் ஏறத்தாழ 1,200 கோடி அமெரிக்க டொலருக்கு ஐரோப்பாவின் கோரஸ் கம்பனியை டாட்டா உருக்கு வாங்கிற்று. மறுவருடமே உலகப் பொருளாதாரம் சரிந்தது. கடன்பாரம் நெடுங்காலம் அழுத்தியது. 2024ஆம் ஆண்டு செத்தெம்பரில் வேல்சிலுள்ள போட் தல்பொட் ஆலையின் இறுதி ஊதுலையும் அணைக்கப்பட்டது. 2,000க்கு மேற்பட்ட வேலைகள் போயின. ஒரு நகரிலே நூறாண்டாக வளர்ந்த உறவை வேறொரு நாட்டில் விலைகொடுத்து வாங்கமுடியாது என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

மதிலுக்கு வெளியே

ஆலையின் மதிலுக்குள் நிகழ்ந்தவற்றை மட்டும் கண்டு தீர்ப்புக் கூறுவது நேர்மையன்று. ஜம்ஷெட்பூர் வெற்றுநிலத்தில் எழவில்லை. 1894ஆம் ஆண்டின் நிலக்கையேற்புச் சட்டத்தின் துணையோடு தொடக்கத்திலே 3,500 ஏக்கர் அளவான நிலம் பெறப்பட்டது. அங்கு வாழ்ந்த ஆதிவாசிகளின் ஊர்கள் நகருள் மறைந்தன. நூறாண்டு கழித்து, ஒடிசாவின் கலிங்கநகரிற் புதிய ஆலைக்கு நிலம் ஒதுக்கியபோது அதே வினா மீண்டும் எழுந்தது. 2006ஆம் ஆண்டு சனவரி 2ஆம் நாள், மதில் கட்டும் பணியை எதிர்த்த ஆதிவாசிகள்மீது பொலிசார் சுட்டதிற் பத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். பொலிசார் ஒருவரும் கொல்லப்பட்டார். தொழிலாளரைப் பேணுவதிற் புகழ்பெற்ற நிறுவனத்தின் பெயரோடு இத்துயரமும் இணைந்தது. ஊழியன் உறவினன், நிலத்தை இழந்தவன் அயலான் என்ற பிரிவு இருக்கும்வரை கடப்பாடு முழுமையடையாது.

சட்டமும் அளவையும்

2013ஆம் ஆண்டின் இந்தியக் கம்பனிச் சட்டம், அதன் 135ஆம் பிரிவினால், சமூகப்பொறுப்பைச் சட்டக் கடமையாக்கிற்று. 500 கோடி ரூபா தேறிய பெறுமதி, 1,000 கோடி ரூபா விற்பனை, 5 கோடி ரூபா தேறிய இலாபம் ஆகியவற்றுள் ஒன்றையேனும் எட்டிய கம்பனி, முந்திய மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப்பணிக்குச் செலவிடல் வேண்டும். 2014ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் இவ்விதி நடைமுறைக்கு வந்தது. இதனாற் பாடசாலைகளும் குடிநீரும் வைத்திய முகாம்களும் பெருகியமை நன்றே.

எனினும் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. தன் ஊழியர்க்கும் அவர் குடும்பத்தார்க்கும் மட்டும் பயன்படும் செலவு இச்சட்டத்தின் கணக்கிற் சேராது. அஃதாவது, 1912ஆம் ஆண்டின் எட்டுமணி வேலைநாளும், 1920ஆம் ஆண்டின் சேமலாப நிதியும், 1937ஆம் ஆண்டின் பணிக்கொடையும் இன்று முதன்முதலாகச் செய்யப்பட்டாற் சமூகப்பொறுப்பாக மதிக்கப்படமாட்டா! சட்டம் இலாபம் எவ்வாறு செலவிடப்படுகின்றது என்பதை அளக்கின்றது. எவ்வாறு ஈட்டப்படுகின்றது என்பதை இங்கே அளக்கவில்லை. ஜம்ஷெட்பூர் வரலாற்றின் சாரமோ ஈட்டும் முறையிலேதான் உள்ளது.

ஆகவே, தொடக்கத்தில் எழுந்த வழக்குக்கு இவ்வரலாறு தரும் விடை எளிதான ஆம் என்பதுமன்று, இல்லை என்பதுமன்று. கடப்பாடு இலாபத்தைத் தந்ததா? 1924இல் தரவில்லை, 1928இலும் தரவில்லை. அதற்கு மாறாக, போர்க்கால இலாபமே 1920ஆம் ஆண்டின் நலன்களுக்கு இடமளித்தது. ஆனால் அந்நலன்கள் உரிமைகளாகிக் குரலோடு சேர்ந்தபின், 1979இலும் 1990களிலும், வேறெந்த மூலதனத்தாலும் பெறமுடியாத பயனை அவை நல்கின. அப்பயனைப் பெறப் பொறுமையுள்ள உரிமையாளரும், காப்பளித்த அரசும், கேட்கத் துணிந்த தொழிலாளரும் ஒருங்கே வேண்டியிருந்தனர். இம்மூன்றுள் ஒன்று குறையினும் கணக்குத் தவறும்.

பயன் கருதியே கடப்பாட்டை ஏற்கும் கம்பனி, பயன் தெரியாத முதலாண்டிலேயே அதனைக் கைவிட்டுவிடும். பயன் வரும்வரை காத்திருக்கத் தக்க வேறொரு காரணம் அதற்கு வேண்டும். அக்காரணத்துக்குப் பொருளியலார் பல பெயர்களைத் தேடுவர். வள்ளுவர் அதனை ஒப்புரவு என்றார்.